தள்ளிவைத்த திகதி

காலை ஒன்பதரைக்குள்
பலகையில் பவுணின் விலையை
மூன்று தரம் அழித்து எழுதிவிட்டேன்.
கச்சான் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது.
மட்டக்களப்புப் பிரதான வீதி முழுக்கப் புழுதி.

வரிசையில் முதலாவது
செட்டிபாளையத்து யோகமலர்.
மகன் ஆள்வசம் கொடுத்துவிட்ட தாள்களை
நேற்றே மாற்றியிருக்கலாம்.
நேற்று ஆடு குட்டி போட்டது.

"ஒரு ராவுக்குள்ள இவ்வளவு இறக்கமா?"
"வாக்கெடுப்பு நடந்தது அக்கா, விலகுறாங்களாம்."
"ஆரிட்ட இருந்து?"
"ஒரு பெரிய சந்தையில இருந்து."
"சந்தைய விட்டுப்போட்டு எங்க கொண்டு விக்கிறது?"
அதற்கு என்னிடம் சில்லறை இல்லை.
விலை ஏறட்டும் என்று
வாங்கில் போய்க் குந்தினாள்.

அவள் மகன் பவளேந்திரன்
விலகத்தான் போட்டானாம்.
மச்சானுக்கு இரண்டு தரம் விசா மறுத்தவர்கள்
போலந்துக்காரனுக்கு மட்டும்
கதவைப் பூட்டாமல் விட்டிருந்தார்களாம்.
மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை.
அவளுடைய வார்ட்டில் பாதித் தாதிமார் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்.
அவள் இருக்கச் சொல்லிப் போட்டாள்.
இப்போது ஒரே குசினியில் இரண்டு கேத்தல்.
"லொறிப் படங்குக்குக் கீழ
பத்து மணித்தியாலம் மூச்சை அடக்கிக் கிடந்து
கடலுக்கு அடியால போனவன் இவன்" என்றாள்,
பெருமையா கோபமா என்று தெரியாத குரலில்.

வாங்கின் மற்ற முனையில் இரண்டு பேர்.
காத்தான்குடி உதுமாலெவ்வை,
நோன்பு வாய், உதடு வெடித்திருந்தது.
ஆரையம்பதிக் கனகசூரியம்,
தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்தியவர்.
இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் எல்லை வீதி.
அந்த வீதியைப் பற்றி மட்டும் அவர்கள் பேசுவதில்லை.

"ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தெட்டு.
இத வெச்சி ஒரு நாடு கழண்டு போறதா?
மறுகா ஒருக்காக் கேக்கவேணும்."
"நாம நினைச்சது வாற வரைக்கும் கேக்கிறதோ?
தோத்தா தோத்ததுதான்."
"இளம் பொடியன்கள் எல்லாம் இருக்கத்தான் கேட்டது."
"கிழவனுக்கும் ஒரு புள்ளடிதான் கனகு."
இருமல். மின்விசிறியின் கிறீச்.
பிறகு உதுமாலெவ்வை மெல்லச் சொன்னார்:
"அவங்களக் கேட்டாங்களே.
ஒருக்காவாவது."

கிழக்கு வடக்கோடு சேர்ந்திருப்பதா
தனியே போவதா என்று
எங்களிடமும் கேட்பதாகத்தான் இருந்தது,
எண்பத்தெட்டு முடிவதற்குள்.
பிறகு அடுத்த வருடம்.
பிறகு அதற்கும் அடுத்தது.
வர்த்தமானிக் கட்டுகள் வரும்,
கனகசூரியம் பிரித்து அடுக்குவார்:
பிற்போடப்படுகிறது.
பிற்போடப்படுகிறது.
கடிதம் வராத மாதங்களிலும்
அது வந்து சேரும்.
கடைசியில் ஒரு நீதிமன்றம் பிரித்துவிட்டது.
பெட்டி வரவே இல்லை.

"கேட்டிருந்தா நீ எதுக்குப் போட்டிருப்பாய்?"
யார் கேட்டது என்று நான் பார்க்கவில்லை,
தாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிமிரும்போது
கனகசூரியம் மேசையிலிருந்து இரண்டு படிவம் எடுத்து
பின்பக்கத்தில் கட்டம் கீறிக்கொண்டிருந்தார்.
ஒன்றை நீட்டினார்.
முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினார்கள்,
சோதனையில் விடை மறைக்கும் பொடியன்கள் மாதிரி.
ஒருவர் சேட்டுப் பையில் வைத்தார்.
மற்றவர் கண்ணாடிக் கூட்டில்.
காட்டவில்லை. காட்டச் சொல்லவுமில்லை.
ஜும்ஆவுக்கு நேரமாகிறது என்று உதுமாலெவ்வை எழும்பினார்.
ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்.
கனகசூரியம் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு
இன்னும் ஐந்து நிமிடம் இருந்தார்.

"எனக்கும் ஒண்டு கீறித் தா புள்ள" என்றாள் யோகமலர்.

மாலையில் கணக்கு முடிக்கையில்
கட்டில் ஒரு படிவம் கூடுதலாக இருந்தது.
கட்டங்கள் இரண்டும் வெறுமை.
அவற்றுக்குக் கீழே, சாய்ந்த எழுத்தில்
நேற்றைய விலை,
அதற்கும் கீழே இன்றையது.
கழித்திருந்தாள்.
மீதிக்கு அடியில் இரண்டு கோடு.

எதையும் எறியக்கூடாது என்பது கடைச் சட்டம்.
துளையிட்டுக் கோப்பில் போட்டேன்.